மார்க் யாருக்கு?

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் 'கைவேலை' என்று தெர்மாகோல் தாஜ்மகால் கேட்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பசையும் பிளேடுமாக உட்கார்ந்திருப்பது நான்தான். என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், கொடைரோடு

பதில்: ஷாஜகான் மட்டும் சொந்தக் கையாலா கட்டினார்? மகள் சக்கரவர்த்தி, நீங்கள் கொத்தனார்!

தெர்மாகோல் பெரியவர்களுக்கே கைகொடுப்பதில்லை. 2017-ல் உங்களுக்குப் பக்கத்து வைகை அணையில், தண்ணீர் ஆவியாகாமலிருக்க மிதக்கவிட்டார்கள். காற்றடித்ததும் கரை ஒதுங்கிவிட்டது.

அதற்குப் பதில், மகளை வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, வண்ணத்தில் தொட்டுத் தாளில் அழுத்தச் சொல்லுங்கள். ஐந்து இதழோடு பூ விழும். நிலக்கோட்டை மல்லிகூட அத்தனை சீக்கிரம் பூக்காது. நுங்கு நோண்டித் தின்ற பனங்காய் இரண்டு, நடுவே குறுக்குக் குச்சி, தள்ளுவதற்குக் கவட்டைக் கம்பு: வண்டி ரெடி. எல்லா ரயிலும் கொடைரோட்டில் நிற்காது. இந்த வண்டி அவள் சொன்ன இடத்தில் நிற்கும்.

தீக்குச்சியிலும் தூக்கியெறிந்த சாமான்களிலும் பொம்மை செய்யக் கற்றுத்தந்த அரவிந்த் குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நீங்கள் ஒட்டிய தாஜ்மகாலுக்கு மிஞ்சினால் 'குட்'.

பூ கோணலாக விழுந்தால் விழட்டும். அது அவள் கை. நீங்கள் ஒன்பது மணிக்கே படுங்கள்.