லிஃப்டில் வணக்கம், குறூப்பில் முழக்கம்

இரத்மலானையில் காலி வீதியை ஒட்டி எழும்பியிருக்கிற மாடிக் கட்டடங்களில் எதற்குள் நுழைந்தாலும் அவர் ஒருவர் இருப்பார். முழக்கத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, நிருவாக உத்தியோகத்தராக ஓய்வுபெற்றவர். மகன் கனடா, மகள் லண்டன். காலையில் கோயில், பின்னேரம் நடை, இரவில் வட்ஸ்அப்.

நேரில் பார்த்தால் இவரைப்போல ஒரு சாது கிடையாது. லிஃப்டுக்குள் மூன்று பேர் நின்றாலே, "நீங்கள் போங்கோ, நான் அடுத்ததில வாறன்" என்று ஒதுங்கிவிடுவார். 101 பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சக்காசு தராவிட்டால் "மல்லி" என்று ஒருதரம் முனகுவார். மல்லி திரும்பிப் பார்க்காவிட்டால் தருமக் கணக்கில் எழுதிவிட்டு இறங்கிவிடுவார். கடையில் ஊசிப்போன வடையைக் கொண்டுவந்து வைத்தாலும் ஓரமாகத் தள்ளிவிட்டு, "நல்லாயிருக்குத் தம்பி" என்பார்.

இரவு 11 மணிக்கு மனைவி நித்திரையானதும் இதே மனிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குடியிருப்பாளர் குறூப்புக்குள் இறங்குகிறார். அன்றைக்குத் தண்ணீர் மோட்டர் பழுது. "தலைவருக்கும் செயலாளருக்கும் வெட்கம் என்று ஒன்று இருந்தால் நாளைக்கே இராஜினாமாச் செய்யவேண்டும்!!!! இது பொதுச் சொத்தா, அப்பன் வீட்டுச் சொத்தா????" கீழே சிவந்த முகங்கள் வரிசையாக மூன்று. அதற்கும் கீழே, எந்தக் கோபத்திலும் தவறாத 'இனிய இரவு வணக்கம்' ரோசாப்பூப் படம்.

காலை ஆறரைக்கு லிஃப்ட் திறக்கிறது. உள்ளே தலைவர்.

"வணக்கம் ஐயா! சுகமா இருக்கிறியளே? மோட்டரோட பெரிய பாடுபட்டியள் போல. இரவு நித்திரையும் இல்லையாக்கும்."

"ஓம்... கொஞ்சம் பிந்தித்தான் படுத்தனான்," என்கிறார் தலைவர். எதை வாசித்துவிட்டுப் பிந்தினார் என்பதை இரண்டு பேரும் பேசுவதில்லை. இராஜினாமாக் கேட்டவரே தலைவருக்காகக் கீழ்த்தளத்துப் பொத்தானை அமத்திவிடுகிறார்.

வருடாந்தப் பொதுக்கூட்டம் வந்தால் கடைசி வரிசையில், பற்றிசும் ரோல்சும் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு கதிரை உண்டு. கணக்கறிக்கை வாசித்து முடித்துவிட்டு, "ஆருக்கும் கேள்வி இருக்கோ?" என்று செயலாளர் கேட்பார். எல்லாத் தலையும் மெல்ல முழக்கத்தார் பக்கம் திரும்பும். அவரோ தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ என்று கரண்டியால் ஆராய்ந்துகொண்டிருப்பார். கணக்கறிக்கை ஏகமனதாக நிறைவேறும். அதை வழிமொழிந்தவரும் அவராகவே இருப்பார். கூட்டம் கலைந்து கால்மணி நேரத்தில் குறூப்பில் செய்தி விழும்: "இன்றைய கூட்டம் ஒரு கேலிக்கூத்து!!!"

இவருடைய தகப்பனார் காலத்தில் இந்த வேலையைச் செய்தது மொட்டைப் பெட்டிசம். தலைமை வாத்தியார் மேல் கோபமா, விதானையார் மேல் கோபமா, கையெழுத்துப் பிடிபடாமல் இடக்கையால் எழுதி, 'ஊர் நலன் விரும்பி' என்று முடித்து, பிரதி அரசாங்க அதிபருக்கும் ஒன்று போட்டு, அடுத்த ஊர்த் தபாற்கந்தோருக்குப் பஸ் ஏறிப்போய்ச் சேர்க்கவேண்டும். அத்தனைக்கும் இடையில் ஒரு இரவாவது கழியும். பாதிப் பெட்டிசங்கள் அந்த இரவிலேயே சூடு ஆறி அடுப்புக்குள் போயிருக்கும்.

முகமூடி போட்டால்தான் வீரம் வரும் என்று அந்தக் காலத்தை வைத்துச் சொல்லலாம். முழக்கத்தாரிடம் அந்தக் கணக்குச் சரிவராது. அவருடைய பெயர், தொலைபேசி இலக்கம், பேரப்பிள்ளையோடு நயாகராவில் நின்று எடுத்த படம் எல்லாம் அந்தச் செய்தியோடு சேர்ந்தே வருகின்றன. எத்தனையாம் மாடி, எந்தக் கதவு என்பது காவலாளிக்கும் தெரியும்.

தென்கொரியர்களும் முகமூடியைத்தான் சந்தேகித்தார்கள். பெரிய இணையத்தளங்களில் கருத்து எழுதுகிறவர் தன் உண்மை அடையாளத்தை உறுதிப்படுத்தவேண்டும் என்று 2007 இல் சட்டம் போட்டார்கள். வசைமாரி நின்றபாடில்லை. 2012 இல் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. நமக்கும் 2024 இல் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்திருக்கிறது. தண்ணீர் மோட்டர் விவகாரம் வரைக்கும் அது இறங்கிவரும் என்று முழக்கத்தார் நினைக்கவில்லை.

ஜோன் சூலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2004 இல், இணையத்தில் வாய் இப்படிக் கட்டவிழ்வதற்கு ஆறு காரணங்களை அடுக்கினார். அதில் ஒன்று முழக்கத்தாரைப் பார்த்து எழுதியதுபோலவே இருக்கிறது: மறுமொழி உடனே வராது. எழுதிப் போட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம். இன்னும் கிட்டப் போனவர்கள் இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர். அறிமுகமில்லாதவர்களைச் சோடி சோடியாகக் கணினியில் விவாதிக்க விட்டார்கள். சிலருக்கு எதிராளியின் விபரம் தெரியும், சிலருக்குத் தெரியாது. சிலருக்கு உருவம் தெரியும். சிலர் மட்டும் கண்ணோடு கண் பார்க்கலாம். வாய் கொழுப்பதற்குப் பெயர் மறைந்திருப்பதைவிடக் கண் படாமல் இருப்பதே பெரிய காரணம் என்று 2012 இல் எழுதினார்கள்.

இதற்கு ஹைஃபாவுக்குப் போகத் தேவையில்லை. 1912 இல் தொடங்கிய செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலை இங்கே இரத்மலானையில்தான் இருக்கிறது. சைகையில் கதைக்கும் இரண்டு பிள்ளைகள் சண்டை பிடிப்பதானாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆகவேண்டும். புருவமும் உதடும் அவர்கள் மொழியில் பாதி. திட்டு வாங்குகிறவன் முகம் சுருங்குவதைப் பார்க்காமல் அங்கே ஒருவனைத் திட்டவே முடியாது.

ஆனால் கொண்டக்டருக்கு முன்னால் முழக்கத்தார் அடக்கிய குரலுக்கு வேறொரு கதையும் உண்டு. 1983 யூலைக் கலவரத்தில் இந்த இரத்மலானை விமான நிலையமும் இந்துக் கல்லூரியும் அகதி முகாம்களாக இருந்தன. "பஸ்ஸில தமிழில சத்தமாக் கதையாதை" என்று தாய்மார் பிள்ளைகளின் கையைக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்த காலம் அது. அப்படி அமத்திவைத்த குரல் நாற்பது வருடங்களாக எங்கேயோ கிடந்து, கையில் போன் வந்ததும் வெளியே பாய்கிறது. அதை நாங்கள் மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது, அது பாயும் திசை. பயமுறுத்தியவர்கள் எவரும் இந்தக் குறூப்பில் இல்லை. இருப்பவர் சம்பளமில்லாமல் மோட்டருக்கு ஆள் தேடி அலையும் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்தான்.

முழக்கத்தாரை இத்தோடு விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். செத்தவீட்டில் அவர் கைகட்டி நிற்பார். ஒரு ஆறுதல் வார்த்தை வராது. அன்றிரவு இறந்தவரைப் பற்றி நாலு வரி எழுதுவார், வாசித்துவிட்டுப் பிள்ளைகள் அழுவார்கள். 2022 இல் காஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது எந்தச் சந்தியில் லொறி நிற்கிறது என்று விடிய நாலு மணிக்கே குறூப்பில் போட்டவரும் அவர்தான். கண் படாத இடத்தில் வசை மட்டுமல்ல, கூச்சத்தில் சிக்கிக்கிடந்த அன்பும் அவிழும் என்று சூலரும் எழுதியிருக்கிறார்.

ஆகவே அவரைக் குறூப்பிலிருந்து தூக்குவது சரியில்லை. பதில் எழுதுவதும் வீண், அது அவருக்கு ஊக்கமருந்து. சில கட்டடங்களில் செயலாளர்மார் ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறார்கள். முழக்கத்தார் மூன்றாவது செய்தியைத் தட்டத் தொடங்கியதும் ஒரே ஒரு வரி போடுவார்கள்: "அண்ணை, இது முக்கியமான விசயம். வீடியோ கோல் எடுக்கிறன், முகத்தைப் பார்த்தே கதைப்பம்."

மேலே 'தட்டச்சு செய்கிறார்' என்று ஓடிக்கொண்டிருந்த எழுத்து அந்தக் கணமே நின்றுவிடும். பிறகு வருவது ரோசாப்பூ மட்டும்தான்.