நாணேற்றினால் போதுமா, இறக்க வேண்டாமா? (கேள்வி-பதில்)

கேள்வி: தோள்வலியால் வில்லை இழுக்க முடியாமல் போன 68 வயது வேட்டைக்காரர், "கடையில் இருப்பதிலேயே எடை குறைந்த குறுக்கு வில் எது?" என்று கேட்கிறார். எதைக் காட்டலாம்? (மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்சி)

பதில்: முதலில் அவருடைய கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். குறுக்கு வில் என்பது துப்பாக்கியைப் போன்ற கட்டையின் முன்முனையில் வில்லைக் கிடையாகப் பொருத்தி, இழுத்த நாணைக் கொளுவி ஒன்று பிடித்துக்கொள்ள, விசையை அழுத்தியதும் அம்பு பாயும்படி அமைந்த கருவியாகும். மான் நெருங்கும் வரை நாணை இழுத்துப் பிடித்திருக்கும் பாடு வேட்டைக்காரரின் தோளை விட்டுக் கொளுவிக்குப் போய்விடுவதால், முதியோருக்கு இது உண்மையிலேயே கைகொடுக்கிறது. நியூ ஜெர்சியில் உடற்குறை உள்ளவர்கள் மட்டும் தனி அனுமதியுடன் பயன்படுத்திவந்த இக்கருவி, 2009 முதல் வில் வேட்டை உரிமம் பெற்ற அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது.

எடையைப் பொறுத்தவரை, கனடாவின் எக்ஸ்காலிபர் நிறுவனத்தின் சிறிய வகைகள் சுமார் 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ அளவில் இருக்கின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை 6 முதல் 8 பவுண்டு வரை வரும். விளம்பரத்தில் அச்சிடப்படும் எடையில் தொலைநோக்கியும் அம்புக்கூடும் அம்புகளும் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை என்பதால், அவற்றையெல்லாம் மாட்டிய பிறகு தூக்கிப் பார்ப்பதே நியாயமான நிறுவை. ஆனால் நடக்கும்போது தோள்வாரில் தொங்கும் இந்த ஓரிரு பவுண்டைவிட, நாணேற்றும்போது முதுகில் இறங்கும் சுமையே முதியவரின் முதல் கவலையாக இருக்க வேண்டும்.

கேள்வி: நாணேற்றுவதற்கு அவ்வளவு வலு வேண்டுமா?

பதில்: நியூ ஜெர்சிச் சட்டம் கேட்பது குறைந்தது 75 பவுண்டு இழுவிசை, 25 அங்குலக் கட்டை, வேலை செய்யும் பாதுகாப்புப் பூட்டு, இவ்வளவே, ஆனால் இன்று விற்பனையாகும் வேட்டை வில்களில் இழுவிசை 200 பவுண்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது வழக்கம். முனையிலுள்ள வளையத்தில் காலை நுழைத்து மிதித்துக்கொண்டு, கொக்கிகள் கோத்த கயிற்றால் இழுத்தால் சுமை ஏறத்தாழப் பாதியாகும். அப்போதும் 200 பவுண்டு வில்லுக்கு ஒவ்வொரு கையும் சுமார் 50 பவுண்டைக் குனிந்த நிலையில் தூக்கியாக வேண்டும். முதுகுத்தண்டு தேய்ந்தவருக்கும், தோள்மூட்டின் தசைநாண் கிழிந்து தைத்தவருக்கும், இதய அறுவைக்குப் பின் நெஞ்செலும்பு கூடிவருபவருக்கும் இது ஆகாது. அவர்களுக்கு ஏற்றது கட்டையோடு இணைந்த சுழற்றுப் பிடி. ஒஹையோவின் டென்பாயிண்ட் நிறுவனமும் ராவின் நிறுவனமும் அளிக்கும் இந்த அமைப்பில், கிணற்று ராட்டினத்தைச் சுற்றுவதுபோல் சிறு கைப்பிடியைச் சுற்றினாலே நாண் பின்னால் வந்து கொளுவியில் அமரும். தேவைப்படும் வலு சில பவுண்டுகளே. இது வில்லின் எடையைச் சற்றும் விலையைக் கணிசமாகவும் கூட்டும் என்றாலும், முதியவர் செலவழிக்கத் தகுந்த இடம் இதுவே.

கேள்வி: மாலை வரை காத்திருந்தும் மான் வரவில்லை. ஏற்றிய நாணை என்ன செய்வது?

பதில்: வாங்குவோரில் பலர் கடையில் கேட்க மறக்கும் கேள்வி இது, இலகுவான வில்லைத் தேர்ந்தெடுப்பதில் இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை. அம்பில்லாமல் விசையை அழுத்தினால், அம்பு வாங்கிச் செல்ல வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லின் கைகளுக்கே திரும்புவதால் கைகள் பிளக்கலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம். இதைத் தடுக்கும் பூட்டு இன்றைய வில்களில் பெரும்பாலும் உண்டு என்றாலும், அதை நம்பிச் சோதித்துப் பார்க்கக் கூடாது. ஆகவே ஏற்றிய நாணை இறக்க மூன்று வழிகள் உள்ளன.

கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வகையில், இதற்கெனவே விற்கப்படும் மழுங்கிய முனை அம்பை மென்மையான மண்ணிலோ இலக்குப் பொதியிலோ எய்துவிடுவது பழைய வழி. இருட்டும் வேளையில், கல் நிறைந்த நிலத்தில், களைத்த கண்ணோடு இதைச் செய்வதில் ஆபத்து இருக்கிறது. கப்பியில்லாத எதிர்வளைவு வகையில் கயிற்றுக் கொக்கியாலேயே நாணை மெல்ல இறக்கலாம். ஆனால் ஏற்றுவதற்குத் தேவைப்பட்ட அதே வலு இறக்கவும் தேவைப்படும் என்பதோடு, நாள் முழுக்கக் குளிரில் உட்கார்ந்து விறைத்த கையிலிருந்து அந்த வலுவை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது வழி, சுழற்றுப் பிடியை எதிர்த்திசையில் சுற்றி நாணை இறக்குவது. எல்லாச் சுழற்றுப் பிடிகளும் இதற்கு இடம்தருவதில்லை, சிலவற்றில் பற்சக்கரத்தின் தடை விடுபட்டதும் கைப்பிடி தானே வேகமாகச் சுழன்று விரலை முறித்துவிடும். கைப்பிடியை விட்டாலும் நாண் நின்ற இடத்திலேயே நிற்கும் வகைதானா என்பதைக் கடைக்காரர் கண்முன் செய்துகாட்டும்படி கேட்க வேண்டும். அவர் தயங்கினால், அந்த வில் எவ்வளவு இலகுவானதாக இருந்தாலும் முதியவருக்கு அது வேண்டாம்.

கேள்வி: வில் இலகுவாக இருந்தால் கை நடுக்கம் குறையும்தானே?

பதில்: கூடவும் கூடும். சற்றே கனமான பொருள் தன் இடத்திலேயே நிற்க முனைவதால் சிறு நடுக்கத்தை விழுங்கிவிடுகிறது. மிக இலகுவானது ஒவ்வொரு நாடித்துடிப்பையும் தொலைநோக்கியின் குறிக்கோட்டில் காட்டுகிறது. கனம் எங்கே குவிந்திருக்கிறது என்பதைப் பார்ப்பது பயன்தரும்: எடை முன்முனையில் குவிந்த 6 பவுண்டு வில்லைவிட, வில்லின் கைகளைப் பின்னோக்கித் திருப்பி அமைத்த 7 பவுண்டு வில் தோளில் நிதானமாக நிற்கும். மீதி நடுக்கத்துக்கு முக்காலித் தாங்கி போதும். பிடிக்கும் கையின் கட்டை விரல் நாண் ஓடும் தடத்துக்கு மேலே எழாதபடி காக்கும் அகன்ற தடுப்பு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது இல்லாமல் விரலின் நுனியை இழந்தவர்கள் உண்டு.

கேள்வி: நொடிக்கு 400 அடிக்கு மேல் பாயும் வில்தான் சிறந்தது என்கிறார்களே?

பதில்: 400 கிரெயின் எடையுள்ள அம்பு, அதாவது சுமார் 26 கிராம், நொடிக்கு 300 அடி வேகத்தில் சென்றால் ஏறத்தாழ 80 அடி-பவுண்டு ஆற்றல் கொண்டிருக்கும், வெண்வால் மானைத் துன்பமின்றி வீழ்த்த அதுவே தாராளம். 30 கஜத்தில் நிற்கும் மானை அந்த அம்பு அடைய 0.3 நொடி ஆகிறது, நாணின் ஓசையோ 0.08 நொடியிலேயே போய்விடுகிறது. நொடிக்கு 400 அடி வேகத்திலும் அம்புக்கு 0.22 நொடிக்கு மேல் தேவைப்படுவதால் ஓசையே முந்துகிறது. மான் அதிர்ந்து உடலைத் தாழ்த்தினால் குறி தவறி, அது காயத்தோடு ஓடும். 20 கஜத்துக்குள் வரும் வரை பொறுத்திருப்பது, கூடுதலாக 100 அடி வேகம் வாங்குவதைவிட மானுக்குச் செய்யும் பெரிய நன்மை. பொறுமை முதியவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: வெண்டையையும் அவரையையும் மொட்டையடித்த மானைப் பின்வாசலில் நின்றே எய்துவிடலாமா?

பதில்: கூடாது. வில் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்துப் பெற்ற உரிமம், வேட்டைப் பருவம் ஆகியவை இருந்தாலும், அயலார் வீட்டிலிருந்து 150 அடிக்குள் வீட்டுக்காரரின் அனுமதியின்றியும், பள்ளி விளையாட்டிடத்திலிருந்து 450 அடிக்குள்ளும் வில் வேட்டை ஆடக் கூடாது. மான்மவுத் ஜங்ஷன் அடங்கிய சவுத் பிரன்ஸ்விக்கின் நெருக்கமான மனைகளில் இந்த அளவு மிஞ்சுவது அரிது. மான் பெருக்கம் மெய்யான சிக்கல்தான். பக்கத்திலுள்ள பிரின்ஸ்டன் நகராட்சி 2001 முதல் தொழில்முறைக் குழுவை அமர்த்தி மான்களைக் குறைத்தது. வெண்டைக்கு எட்டடி வேலி போதும்.

கேள்வி: குறுக்கு வில்லுக்கும் தமிழருக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரைக் கோட்டையின் பொறிகளுள் வளைவிற்பொறியையும் சேர்த்துச் சொல்கிறது. அது தானே வளைந்து எய்யும் இயந்திர வில் என்று உரை விளக்குகிறது. சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளரி, குறுக்கு வில் ஆகியவற்றைப் பற்றி 1924இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

கேள்வி: ஓய்வுபெற்ற தந்தைக்குப் பிள்ளைகள் இதைச் சொல்லாமல் வாங்கிப் பரிசளிக்கலாமா?

பதில்: சொல்லிவிட்டு, அவரையும் கடைக்கு அழைத்துச் செல்வதே நல்லது. குளிர்கால மேலங்கியை அணிந்தபடி வில்லைத் தோளில் வைத்துக் கட்டையின் நீளம் பொருந்துகிறதா, வழக்கமான மூக்குக்கண்ணாடியோடு குறிக்கோடு தெளிவாகத் தெரிகிறதா என்று அவரே பார்க்கட்டும். பிறகு யாருடைய உதவியும் இல்லாமல் மூன்று முறை நாணேற்றி மூன்று முறை இறக்கட்டும், மூன்றாம் முறையும் மூச்சு வாங்காவிட்டால் பணத்தைக் கொடுக்கலாம். அதோடு தயாரிப்பாளர் குறித்த எடைக்குக் குறையாத ஆறு அம்புகளும் நாணுக்குப் பூசும் மெழுகும் வாங்கிக்கொள்ள வேண்டும்.