கறுப்புக் கார் அண்ணாச்சி

கறுப்புக் கார் அண்ணாச்சியை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அவர் ஸ்கூட்டரில் வருவார். "கார் என்னாச்சு அண்ணாச்சி?" என்று கேட்டால், "வீட்டுல நிக்குது. நேத்துதான் கழுவுனேன்" என்பார். கேட்டவருக்கு அது பதிலாகப் படாது. அண்ணாச்சியைப் பொறுத்தவரை அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர் என்று எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்கு ஒருவர் இப்படி அகப்படுவார். பேப்பர் ஏஜென்சிக்காரரிலும் உண்டு, பட்டாசுக் கடைக்காரரிலும் உண்டு. ஆனால் ஆப்செட் பிரஸ் வைத்திருப்பவரைப் பிடித்தால்தான் இந்த நோய் முற்றும். குற்றம் கண்டுபிடிப்பதே அவருடைய பிழைப்பு. காலண்டர் தாளில் கறுப்பு அடர்த்தியாக விழுந்த இடத்தில் ஒரு தூசி ஒட்டி, கடுகளவு வெள்ளைப் புள்ளி நின்றால் போதும்; மெஷினை நிறுத்தச் சொல்லிவிடுவார். அச்சுப்புள்ளி பார்க்கும் லென்ஸ் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அதே லென்ஸோடு அவர் பானட்டின் மேல் குனிந்து நிற்பதைப் பார்த்தவர்கள், கார் ஏதோ ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டு தள்ளிவிட வருகிறார்கள்.

சிவகாசியில் கறுப்புக் கார் வாங்குவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். மழை குறைவு, காற்றில் ஈரம் கிடையாது, வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. இந்த மூன்றையும் நம்பித்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுக்கொண்டு 1923-இல் திரும்பி வந்து இங்கே தீப்பெட்டி போட்டார்கள். பட்டாசும் அச்சும் பின்னாலேயே வந்தன. தீக்குச்சி காய்வதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் கறுப்புக் காருக்கு ஆகாது. போதாததற்குக் கரிசல் புழுதி. ஆடி பிறந்தால் மேற்கேயிருந்து வரும் காற்று அதை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். பிரஸ் அதிபர்கள் எல்லாரும் பூஜையில் நிற்பார்கள். நம் அண்ணாச்சியும் நிற்பார், காது மட்டும் வெளியே காற்று அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

கார் வைத்திருக்கும் யார் அகப்பட்டாலும் அவர் முதலில் எடுக்கும் பாடம் கீறல் பாடம். வண்டியின் கலருக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட். அதன் கனம் 40, 50 மைக்ரான். "நம்ம 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர்ல பாதிதான், பாத்துக்கிடுங்க." துடைக்கிற துணிக்கு அடியில் ஒரு மணல் சிக்கி இழுபட்டால் அந்தப் பூச்சில் கோடு விழும். வெள்ளைக் காரிலும் விழத்தான் செய்கிறது. ஆனால் கீறலில் பட்டுச் சிதறும் வெளிச்சம் அங்கே வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்துவிடும். கறுப்பில் ஒளிய இடம் கிடையாது. விளக்குக்கு அடியில் நிறுத்தினால் வட்ட வட்டமாகச் சிலந்தி வலை தெரிவதற்கும் அவரிடம் விளக்கம் உண்டு: கீறல்கள் வட்டமாக விழுவதில்லை, எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன, விளக்கின் வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகிவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே அண்ணாச்சி கல்யாண மண்டபங்களில் சீரியல் செட் வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம், இருட்டில், சாக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்.

நானும் விசாரித்துப் பார்த்துவிட்டேன். அவர் சொல்வதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் அவரோடு உள்ள சங்கடம். பொய் சொல்கிற மனிதராக இருந்தால் பாதியில் எழுந்து வந்துவிடலாம்.

வாட்டர் சர்வீஸ் கடைகள் பக்கம் அவர் தலைவைத்துப் படுப்பதில்லை. டிராக்டரைத் துடைத்த துணி, ஜல்லி லாரியைத் துடைத்த துணி, அப்புறம் நம் கார். எல்லாவற்றுக்கும் ஒரே வாளி. பெட்ரோல் பங்கில் யாராவது பையன் அன்பாகத் துணியோடு வந்தால் கதவைத் திறந்துகொண்டு குதித்துவிடுவார். ஒருமுறை பிரஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த பையன், முதலாளி மனம் குளிரட்டும் என்று, பனியன் வேஸ்டால் காரைத் துடைத்துவிட்டான். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற வெட்டுத்துணி அது. ரோலரில் இங்க் துடைக்க அதை அடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. தையலும் முடிச்சுமாக இருக்கிற அதைக் காய்ந்த புழுதிமேல் போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும் என்று பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அண்ணாச்சி திட்டவில்லை. சம்பளத்தைப் பிடிக்கவில்லை. மத்தியானம் வரை காரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தாலே தேவலை என்று ஆகிவிட்டது பையனுக்கு.

"கவர் போட்டு மூடி வச்சா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டால் இரக்கத்தோடு பார்ப்பார். புழுதி படிந்த வண்டியின் மேல் கவரைப் போட்டு, அது காற்றில் ஆடிக்கொண்டே கிடந்தால், நாள் முழுக்க உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான்.

ஆகவே அவரே கழுவுகிறார். விடிகிற நேரம்தான் அதற்கு உரிய நேரம். எட்டு மணிக்கு மேல் போனால் கறுப்புத் தகடு அடுப்பாகிவிடும். சோப்பு நுரை அப்படியே காய்ந்து படலமாக ஒட்டும். முதலில் குழாயால் தண்ணீர் அடித்து மண்ணை இளக்க வேண்டும். கை படவே கூடாது. அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். ஷாம்பூவில் கையுறையை முக்கித் துடைத்து, வெறும் தண்ணீரில் அலசி மண்ணை இறக்கிவிட்டு, மறுபடி ஷாம்பூ. மேலேயிருந்து கீழே; சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பகுதி கடைசி, அங்கேதான் மண் அதிகம். வட்டமாகச் சுற்றக் கூடாது, நேர்கோடு. பாத்திரம் தேய்க்கிற சோப்பு கூடவே கூடாது, போன மாதம் போட்ட மெழுகு அதோடு போய்விடும்.

இரண்டு வாளி என்றதும் வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும். "இங்க குழாயில தண்ணி என்னைக்கு வரும்னு காத்துக்கிட்டுக் கெடக்கோம். அங்க காருக்கு ரெண்டு வாளியா?" இதற்கு அண்ணாச்சியிடம் பதில் கிடையாது. ஆனால் தண்ணீரைப் பற்றிய அவருடைய கவலையே வேறு. சாதாரணக் குடும்பத்துக்குத் தண்ணீர் எவ்வளவு என்பது கேள்வி. அண்ணாச்சிக்குத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பது கேள்வி. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். போர் தண்ணீரில் தன் மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு அண்ணாச்சி அதை வேட்டியில் துடைத்து மடியில் வைத்துக்கொள்வார், எண்ணை வெளியே சொல்லமாட்டார். கறுப்பு பானட்டில் ஒரு துளி காய்ந்தால் தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு வெள்ளை வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். நாள்பட்டால் கிளியர் கோட்டையே அரித்துக் குழியாக்கிவிடும்.

இந்த இடத்தில் அவருடைய மனைவி, சிக்கனத்தின் பேரில், ஒரு யோசனை சொன்னார்: ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடுகிற தண்ணீரைப் பிடித்துக் கார் கழுவலாமே. அண்ணாச்சிக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. வீட்டில் குடிக்கிற தண்ணீரிலிருந்து விரட்டிவிட்ட உப்பு அத்தனையும் கூடிக் குடியிருப்பது அந்தக் கழிவுநீரில்தான். கடைசியில் அவர் கண்டுபிடித்த அமுதம் ஏ.சி. சொட்டுகிற தண்ணீர். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்குவதால் உப்பு ஏறக்குறைய இல்லை. கடைசி அலசலுக்கு அதற்கு ஈடில்லை. ஒரே குறை, சிவகாசிக் காற்றில் ஈரம் இருந்தால்தானே ஏ.சி. சொட்டும்? ஒரு குடம் நிறைவதற்காக, ஆள் இல்லாத அறையில் ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடியது. மின்கட்டணம் வந்த அன்று அந்த ஏற்பாடு நின்றது.

மெழுகு போடுவது தனி வைபவம். நல்ல நேரம் பார்ப்பார். தன் பிரஸ்ஸில் அச்சடித்த தினசரிக் காலண்டரிலேயே பார்ப்பார். பாலிஷ் வேறு, மெழுகு வேறு என்பதை அந்த வழியாகப் போகிறவர்களுக்கு நிறுத்திச் சொல்வார். காம்பவுண்டு போட்டுப் பாலிஷ் செய்தால் மேல்பூச்சையே கொஞ்சம் சீவி எடுக்கிறோம். பண்டிகைக்குப் பண்டிகை சீவினால் 40 மைக்ரான் எத்தனை பண்டிகைக்கு வரும்? மெழுகு மேலே உட்கார்ந்து காக்கிறது, அவ்வளவுதான். அதைச் சந்தனம் அப்புவது போல் அப்பக் கூடாது. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருமளவுக்குத் தடவ வேண்டும், மங்கலானதும் மெத்தென்ற மைக்ரோஃபைபர் துணியால் எடுக்க வேண்டும். கூடிப்போனால் எண்ணெய்த் திட்டாக நிற்கும். கறுப்பு பிளாஸ்டிக் விளிம்பில் பட்டுவிட்டால் வெள்ளையாகப் படிந்துபோகும், பல் துலக்கும் பிரஷ்ஷோடு உட்கார வேண்டியதுதான்.

அந்த மெழுகின் பெயர் கார்னாபா. பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கிறார்கள். வெயிலில் ஈரம் போய்விடாதபடி அந்த மரம் தன் ஓலைக்குத் தானே பூசிக்கொள்கிற காப்பு அது. இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணாச்சியின் குரல் இறங்கும். "நம்ம பனையும்தான் வெயில்ல நிக்குது. பதநீ குடுத்துச்சு, நொங்கு குடுத்துச்சு, கருப்பட்டி குடுத்துச்சு. இத மட்டும் குடுக்கலியே."

தீபாவளி அவருக்குச் சோதனைக் காலம். நாட்டுக்கே பட்டாசு அனுப்புகிற ஊரில் வெடிக்காதே என்று யாரிடம் சொல்வது? கம்பி மத்தாப்பின் பொறி பட்டால் பூச்சில் பொத்தல். புகையோடு இறங்கும் கரி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுவென்று ஒட்டும். மைத்துனரே பட்டாசுக் கடை வைத்திருக்கிறார். அன்றைக்குக் கார் பிரஸ்ஸின் பேப்பர் கோடவுனுக்குள் போய்விடுகிறது. ஒரு வருடம் இடம் போதவில்லை என்று ஆர்ட் பேப்பர் ரீம் கட்டுகள் வெளியே தாழ்வாரத்துக்கு வந்தன. அன்று ராத்திரி மழை பெய்தது. மறுநாள் மேஸ்திரி, "மொதலாளி, ரீமெல்லாம் நனஞ்சு போச்சு" என்று ஓடிவந்தபோது, "கார் மேல ஒண்ணும் ஒழுகலியே?" என்று அண்ணாச்சி கேட்டதாக ஊரில் சொல்கிறார்கள். அவரிடம் கேட்டேன், மறுக்கவில்லை.

அதைவிடப் பெரிய கண்டம் ஆயுத பூஜை. அவருடைய அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்கு வருவார். மூன்று விரலால் பட்டை, நடுவில் குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சை. அண்ணாச்சி கண்ணாடியில் வையுங்கள், நம்பர் பிளேட்டில் வையுங்கள் என்று கெஞ்சிப் பார்ப்பார். "சாமிக்கு நெத்தியிலதான் வைக்கணும். கண்ணாடி நெத்தியா?" சந்தனத்தைத் தேய்த்து எடுத்தால் கோடு, விட்டுவைத்தால் குங்குமக் கறை. அம்மாவுக்கு அந்தக் காரே பிடிக்காது. கறுப்பு சனியன் நிறம், வேண்டாம் என்று அட்வான்ஸ் கொடுத்த அன்றே தடுத்தவர். ஒரு பூஜையன்று அம்மா அதையே மறுபடி சொன்னபோது அண்ணாச்சி எடுத்துவிட்டது விருதுநகர்க்காரர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம். "காமராசர் போனதே கறுப்புக் கார்தான். செவர்லே, எம்.டி.டி. 2727. அவருக்கு என்ன கெட்டுப் போச்சு?"

அம்மா குங்குமத்தை வைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"காமராசர் அதத் தொடச்சிக்கிட்டா இருந்தாரு? ஊர் ஊராப் போனாருல்ல?"

இவ்வளவு கஷ்டம் எதற்கு, அடுத்த தடவை மாற்றிவிடலாமே என்று எல்லாரும்தான் சொல்கிறோம். போன மாதம் மைத்துனர் வெள்ளை வண்டி எடுத்தார். மூன்று வாரமாகக் கழுவவில்லை, அப்படியும் பளிச்சென்று நிற்கிறது. எல்லாரோடும் அண்ணாச்சியும் அதைச் சுற்றிவந்து பார்த்தார், லென்ஸைக்கூட வெளியே எடுக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, "இதுல பாக்குறதுக்கு என்னய்யா இருக்கு?" என்றார்.