தாத்தாவுக்கு விஷம் வச்ச பேரனுக்குப் பண்ணை உண்டா?

ஏலே பேராண்டி, ராத்திரி பூரா விளக்கை எரியவிட்டு அந்தப் புஸ்தகத்தை முறைச்சுக்கிட்டு இருந்தியே, சட்டம்னா என்னன்னு அதுல எவனாவது முடிவாச் சொல்லியிருக்கானா? ஜூரிஸ்புரூடன்ஸாம்! பேரைச் சொல்லுததுக்குள்ள மிச்சமிருக்க பல்லும் கழண்டுரும் போலிருக்கு. முன்சீப் கோர்ட்டு வராந்தாவுல வக்கீல் குமாஸ்தாவா கேஸ் கட்டு சுமந்தே வழுக்கை விழுந்தவன் நான். சட்டம் எங்கே இருக்குன்னு கேளு, பீரோவுல ரெண்டாவது தட்டுன்னு சொல்லிருவேன். சட்டம்னா என்னன்னு ஒரு கட்சிக்காரனும் கேட்டதில்லை. "ஜெயிக்குமா?"ன்னு மட்டும்தான் கேட்டான். அமெரிக்காவுல ஹோம்ஸ்னு ஒரு ஜட்ஜு 1897-ல இதையேதான் பெரிய சபையில பேசிட்டுப் போயிருக்காரு: கோர்ட்டு என்ன செய்யும்னு முன்கூட்டிக் கணிக்கிறதுதான் சட்டம், அதைத் தெரிஞ்சுக்கணும்னா கெட்டவன் கண்ணால பாருன்னு. எங்க கட்சிக்காரங்க பூராப் பேரும் தத்துவஞானிதான் போ. ஃபீஸ் பாக்கி வச்சது ஒண்ணுதான் குறை.

உனக்கு முதல் பாடம் ஆஸ்டின்தானே? 1832-ல புஸ்தகம் போட்டவரு. மேலே ஒருத்தன் உத்தரவு போடுதான், மீறினா தண்டனை, அதுக்குப் பேரு சட்டம். கேக்க ரொம்பச் சௌகரியமாத்தான் இருக்கு. ஆனா வழிப்பறிக்காரனும் உத்தரவுதான் போடுதான், மீறினா என்ன ஆகும்னும் அவனே சொல்லிருதான். அவனுக்கும் வரி கேட்டு வாரவனுக்கும் என்னலே வித்தியாசம்? வழிப்பறிக்காரன் ரசீது தரமாட்டான்னு மழுப்பாதே. 1961-ல ஹார்ட்டுன்னு ஒரு ஆக்ஸ்போர்டு புரொபசர் ஆஸ்டினை மடக்குனது இந்த இடத்துலதான்.

அவரு இன்னொண்ணும் கேட்டாரு, அது நம்ம வீட்டுச் சங்கதி. உயிலை எடுத்துக்கோ. உயில் எழுதுன்னு எனக்கு எவனாவது உத்தரவு போட்டானா? எழுதாட்டா ஜெயிலா? நம்ம நாட்டுல 1925-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி ரெண்டு சாட்சியாவது கையெழுத்துப் போடணும். போடாட்டா போலீஸ் வராது, காகிதம் செல்லாது, அவ்வளவுதான். சட்டம் மிரட்டுதது ஒரு பாதின்னா, நமக்குக் காரியம் ஆக வழி செஞ்சு குடுக்கிறது மறு பாதி. இந்த மறு பாதி ஆஸ்டின் கண்ணுல சரியாப் படலே. ஹார்ட்டு கணக்குப்படி இது ஆடுபுலி ஆட்டம் மாதிரி: கம்பைக் காட்டி யாரும் ஆடவைக்கலே, இப்படித்தான் காய் நகத்தணும்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு உக்காந்தாத்தான் ஆட்டமே நடக்கும்.

உன் பாடத்துல வார கெல்சனைப் பத்தியும் சொல்லணுமா? சுருக்கமாச் சொல்லுதேன். ஒரு சட்டம் ஏன் செல்லும்னா, அதுக்கு மேலே இருக்க சட்டம் செல்லும்னு சொல்லுது. இப்படி ஏறிப் போனா உச்சியில ஒரு அடிப்படை நெறி. அதை யாரு போட்டா? யாரும் போடலே, போட்டதா வச்சுக்கணும். "பத்திரம் இருக்கிறதா வச்சுக்குங்க ஐயா"ன்னு நம்ம கோர்ட்டுல ஒரு தடவை சொல்லிப் பாரு, கட்டைத் தூக்கி எறிவாக. வியன்னாவுல புரொபசர் வேலை குடுத்தாக.

உயில்னதும் உன் காது நீண்டுபோச்சு, நான் கவனிக்காம இல்லே. உன் வயசுக்குத் தோதான ஒரு கதை சொல்லுதேன், இது நிசமா நடந்த கேஸ்.

நியூயார்க் மாநிலத்துல பிரான்சிஸ் பால்மர்னு ஒரு பெரியவர். பெண்டாட்டி இல்லே, பண்ணை உண்டு, கையில காசும் உண்டு. 1880-ல உயில் எழுதுதாரு. மகள்க ரெண்டு பேருக்கும் கொஞ்சம், மத்ததெல்லாம் கூடவே இருக்க பேரன் எல்மருக்கு. 1882 மார்ச்சுல கிழவருக்கு ரெண்டாம் கல்யாண யோகம் வருது. உயிலை மாத்துத மாதிரி ஒரு பேச்சும் அடிபடுது. பய பாத்தான். அடுத்த மாசமே விஷம் வச்சுட்டான். வயசு பதினாறு.

கொலைக்குத் தண்டனை ஆச்சு, அது தனிக் கட்டு. பண்ணை யாருக்கு? மகள்க கோர்ட்டுக்குப் போனாக. 1889-ல அந்த மாநிலத்து உச்சக் கோர்ட்டு வரைக்கும் வந்துருச்சு. உயில் சுத்தம், கையெழுத்துச் சுத்தம், சாட்சியும் சுத்தம். எழுதினவரு ரத்து செய்யலே, செய்யத்தான் பய விடலையே. கொன்னவனுக்குச் சொத்துக் கிடையாதுன்னு சட்டத்துல ஒரு வரி தேடுனா, அதுவும் இல்லே.

ஏர்ல்னு ஒரு ஜட்ஜு தீர்ப்பு எழுதுனாரு: தான் செஞ்ச தப்புல தானே லாபம் பாக்க எவனுக்கும் உரிமை இல்லே, சட்டம் எழுதினவங்க முன்னால இந்தப் பயல் போய் நின்னிருந்தா அவங்களும் அதையேதான் எழுதியிருப்பாக. துணைக்கு இத்தாலியில போலோன்யா ஊருப் பழைய கதையையும் இழுத்தாரு. தெருவுல ரத்தம் சிந்த வச்சவனுக்குக் கடும் தண்டனைன்னு அங்கே சட்டம். ஒரு நாவிதன் தெருவுல வச்சு ஒருத்தனுக்கு நரம்பைக் கீறி ரத்தம் எடுத்தான், அந்தக் கால வைத்தியம் அப்படி. நாவிதனைத் தூக்கி உள்ளே போடவா? கூடாதுன்னுதான் முடிவாச்சு.

ஏழு ஜட்ஜுல அஞ்சு பேரு இந்தப் பக்கம். கிரேன்னு ஒருத்தரு ஒத்துக்கிடலே, அவரு கூட இன்னொருத்தர். பய யோக்கியன்னு கிரே சொல்லலே, தப்பா நினைக்காதே. உயில் எப்படிச் செல்லும், எப்படி ரத்தாகும்னு எழுதி வச்சாச்சு. கொலைக்கு உண்டான தண்டனையும் குடுத்தாச்சு. அதுக்கு மேல பண்ணையைப் புடுங்குதது எழுதாத தண்டனை, அதைப் போட கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லேன்னாரு.

அப்புறம் அந்தக் கிழவருக்கு எத்தனை சொந்தக்காரங்கங்கே! 1967-ல டுவார்க்கின்னு ஒருத்தரு வந்து, "பாத்தியா ஹார்ட்டு, சட்டத்துல விதி மட்டும் இல்லே, எழுதாத கோட்பாடும் உண்டு"ன்னு இந்தக் கேஸைத் தூக்கிக் காட்டுனாரு. ஹார்ட்டு ஆளுங்க, "விதி தீந்துபோன இடத்துல ஜட்ஜு புதுசா ஒண்ணு போட்டாரு, அவ்வளவுதான்"னாங்க. அநியாயச் சட்டம் சட்டமே இல்லேன்னு சொல்லுத அக்வினாஸ் பரம்பரையும் பந்திக்கு வந்துருச்சு. அந்தப் பரம்பரைப் பேச்சை நம்பி வாய்தாவுக்கு வராம வீட்டுல இருந்த கட்சிக்காரன் ஒருத்தன் எனக்குத் தெரியும். எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆனப்புறம்தான் அது சட்டம்னு ஒத்துக்கிட்டான்.

உன் பரீட்சைக்கு ஆகாத ஒண்ணு சொல்லுதேன், எழுதிவச்சு மார்க்கைத் தொலைச்சுராதே. அந்தப் பயலுக்குப் பண்ணை கூடாதுன்னு கதை கேட்ட நிமிஷமே உங்க ஆச்சிக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ எந்தத் தியரியும் படிக்கலே. தியரி விடை கண்டுபிடிக்க வரலேலே, கண்டுபிடிச்ச விடைக்குக் கணக்குக் காட்ட வருது. அந்தக் கணக்கும் வேணும்தான். ஏன்னா நல்லதுக்காக எழுத்தைத் தாண்டுன ஜட்ஜு, நாளைக்கு என் வரப்புக் கேஸுலயும் தாண்டலாம்லா? அதனால எனக்குத் தீர்ப்புல ஏர்ல் பக்கம், பயத்துல கிரே பக்கம். எழுதுனதெல்லாம் சட்டம்னு கண்ணை மூடிக்கிட்டா எங்கே போய் நிக்கும்னு நாஜிக காலத்து ஜெர்மனியில பாத்தாச்சு. தாங்க முடியாத அநியாயத்துக்குச் சட்டம் விலகித்தான் ஆகணும்னு ராட்புருக்னு அந்த நாட்டுச் சட்ட அறிஞர் 1946-ல எழுதுனாரு. ரெண்டு பயமும் நிசம்தான்.

நம்ம நாட்டுல ஏர்ல் வழி, கிரே வழி ரெண்டும் நடந்திருக்கு. 1924-ல பம்பாய் மாகாணத்துக் கேஸ் ஒண்ணு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போச்சு. எழுதின விதியைத் தேடிக்கிட்டு உக்காராம, நியாயம், சமநீதி, நல்ல மனசாட்சின்னு சொல்லியே கொன்னவனுக்கு வாரிசுரிமை இல்லேன்னாக. அது ஏர்ல் வழி. 1956-ல இந்து வாரிசுரிமைச் சட்டம் போட்டப்போ அதையே 25-ஆம் பிரிவா எழுதிட்டாங்க. கோர்ட்டு போடக் கூடாது, எழுதினதுல இருக்கணும்னாரே கிரே, அவரு வழி அது. கொலை செஞ்சவன், செத்தவன் சொத்துக்கு வாரிசாக முடியாது. உடந்தையா இருந்தவனுக்கும் அதே கதிதான். இந்த ரெண்டாவது வரியை உங்கப்பன் சாப்பிட உக்காரும்போது கொஞ்சம் சத்தமா வாசிச்சுக் காட்டு.