ஊருக்கு அமெரிக்கா, உள்ளே ஜப்பான்

1993-ல் டிட்ராய்ட்டில் கார் வாங்குவது ஒரு கட்சியில் சேர்கிற மாதிரி. தொழிற்சங்க அலுவலக வாசல்களில் வெளிநாட்டு வண்டிக்கு இடமில்லை என்று பலகையே தொங்கும். "தம்பி, இந்த ஊருக்குச் சோறு போடுறதே காருதான். ஜப்பான் வண்டி வாங்கி வம்புல மாட்டிக்காதீங்க" என்றார் மதுரைக்கார அண்ணன் ஒருவர். கார் கம்பெனியில் பொறியாளர்.

அவர் சும்மா பயமுறுத்தவில்லை. 1982-ல் பக்கத்து ஹைலண்ட் பார்க்கில் வின்சென்ட் சின் என்ற இளைஞரைக் கார்த் தொழிலைச் சேர்ந்த இருவர் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். சில நாளில் இறந்துபோனார். ஜப்பான்காரனால்தான் வேலை போகிறது என்று ஆத்திரம். செத்தவரோ சீன வம்சாவளி. முதல் வழக்கில் இருவருக்கும் கிடைத்தது 3,000 டாலர் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும். சிறை இல்லை.

ஆகவே தேசபக்தியோடு எட்டு சிலிண்டர் உள்ளூர் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பெயர் வேண்டாம், போய்ச் சேர்ந்துவிட்டது. முன்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். டிக்கியில் குடித்தனமே நடத்தலாம். காலனுக்குப் பதின்மூன்று மைல் கொடுத்தால் பெரிய மனசு. ஓடோமீட்டரில் ஐந்தே இலக்கம். லட்சம் மைல் தாண்டினால் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து பிறவி எடுக்கும். நான் வாங்கியபோது முப்பத்தோராயிரம் காட்டியது. முதல் பிறவியா, இரண்டாவதா என்று விற்றவர் சொல்லவில்லை. பனிக்காலம் வந்ததும் கியர்பாக்ஸ் சொல்லிவிட்டது.

அண்ணன் இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஜியோ பிரிசம் வாங்குங்க. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி, ஒருத்தன் வாயைத் திறக்க முடியாது. நீங்க மட்டும் பானெட்டைத் திறந்து பாருங்க."

திறந்தேன். உதிரிபாகங்களில் டொயோட்டா முத்திரை! கொரோலாவின் கூடப்பிறந்தது அது. கலிபோர்னியாவின் ஃபிரிமான்ட் ஆலையில் இரண்டையும் ஒரே இடத்தில் பூட்டினார்கள். கொரோலா என்று பெயர் இருந்தால் பழைய வண்டிக்கும் கிராக்கி, பிரிசத்துக்கு விலை மட்டு. சங்க அலுவலக வாசலிலேயே நிறுத்தினேன், ஏனென்று கேட்க ஆளில்லை. காலனுக்கு முப்பது மைல் ஓடியது, எண்ணெய் மாற்றுவதைத் தவிர எதுவும் கேட்காமல்.

அந்த ஆலையின் கதை இன்னும் ருசியானது. ஜெனரல் மோட்டார்ஸ் நடத்தியபோது ஆள் வேலைக்கு வராததற்கும் சண்டை சச்சரவுக்கும் பேர் போனது, 1982-ல் மூடிவிட்டார்கள். 1984-ல் டொயோட்டா கூட்டுச் சேர்ந்து அதே ஆட்களில் பெரும்பாலோரை, அதே சங்கத்தோடு, திரும்ப எடுத்தது. குறை கண்டால் சாதாரணத் தொழிலாளியே கயிற்றை இழுத்து உற்பத்தியை நிறுத்தலாம் என்றது. சீக்கிரமே ஜப்பானுக்கு ஈடாக வண்டிகள் வந்தன. அமெரிக்கத் தொழிலாளிக்கு வேலை தெரியாது என்று பேசிக்கொண்டிருந்த மேலாளர்கள் அப்புறம் எங்கே பார்த்தார்களோ.

இன்றைக்குத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா வாசலில் பாருங்கள், கேம்ரியும் அக்கார்டும்தான். ஜப்பான் என்றால் பழுதே வராது என்று கோயில் கட்டியிருந்தோம். டகாட்டா கம்பெனி ஏர்பேக் அதையும் அசைத்தது: உயிர் காக்க வேண்டியது வெடித்து, உலோகச் சில்லுகளை முகத்தில் வீசியது. கோடிக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2017-ல் கம்பெனி திவால். சரி, உள்ளூர் வண்டிக்கே திரும்பலாம் என்றால், ஃபோர்டோ 2018-லேயே வட அமெரிக்காவில் செடான் கார்களைக் கைகழுவுவதாக அறிவித்துவிட்டது.

என்னிடம் இப்போது இருப்பது 2025 கேம்ரி. இந்த மாடலிலிருந்து அமெரிக்காவில் ஹைபிரிட் மட்டும்தான். காலனுக்கு 51 மைல் வரை கணக்குக் காட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி, "எப்படி இருக்கிறது உன் ஜப்பான் வண்டி?" என்று தினமும் ஒரு குத்துக் குத்துவார். ஒருநாள் அவரை முன்கண்ணாடி ஓரம் குனிய வைத்து வண்டியின் அடையாள எண்ணைக் (VIN) காட்டினேன். முதல் இலக்கமே செய்த நாட்டைச் சொல்லிவிடும். என்னுடையது 4-ல் தொடங்கியது: அமெரிக்கா, கென்டக்கியின் ஜார்ஜ்டவுன் ஆலை. அவருடைய பிக்கப் 3: மெக்சிகோ.

அவர் அசரவில்லை. "கென்டக்கி ஆலையில் சங்கம் உண்டா?"

"இல்லை."

"உன் பழைய பிரிசத்தைப் பூட்டியவர்கள்?"

"சங்கத்து ஆட்கள்தான்."

"பிறகு அதை ஏனப்பா விற்றாய்?"