மரம் நம்முது, சத்தம் யாருது?

‘பயணங்கள் முடிவதில்லை’ வந்த 1982-ஐ ஒட்டி, எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் கிட்டாரைத் தொட்ட எவனைக் கேட்டாலும், ‘இளைய நிலா’வுக்குச் சந்திரசேகர் வாசித்தாரே, அந்தச் சத்தம்தான் வேண்டும் என்பான். தனக்கென்று ஒரு சத்தம் வேண்டும் என்ற கவலை ஒருத்தனுக்கும் இல்லை. ஆண்டிப்பட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜாவே கிட்டார் வாசித்து மேலே வந்தவர்தானே என்ற தெம்பு வேறு.

மதுரைக் கடையில் கல்கத்தாவிலிருந்து வந்த கிவ்சனும் ஹோப்னரும் தொங்கும்; ஓர் எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி வாசித்தால் அமெரிக்காவும் ஜெர்மனியும் கைக்கு வந்துவிடும். நான் என்ன பார்த்து எடுத்தேன் என்கிறீர்கள்? நிறத்தை. மேடையில் டியூப்லைட் வெளிச்சத்துக்கு எடுப்பாக இருக்குமாம்! போடி ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து வாசித்துப் பார்த்தால், கம்பி ஃப்ரெட்டை விட்டு அவ்வளவு உயரத்தில் நின்று விரலை அறுத்தது. பிரிட்ஜில் இருந்த எலும்புத் துண்டைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து இறக்கினோம். ஒரு தேய்ப்பு கூடிப்போனதில் மூன்றாவது கம்பி இரைய ஆரம்பித்தது. மாசிச் சிவராத்திரிக் கச்சேரியில், குழாய் ஸ்பீக்கர் வழியாக அந்த இரைச்சலைக் கேட்ட ஊர்ப் பெரியவர், “தம்பி கிட்டாரு தனியாத் தெரியுதப்பா” என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அந்த மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்று, அகலப்பாதையாகி, 2022-இல் தேனிவரை மறுபடி ஓடுவதற்குள், கிட்டார் வாங்க வீட்டுப்படி இறங்கவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அக்கா பேரன் போனிலேயே நாற்பது கிட்டாரைக் கேட்டு, ஒன்றை வரவழைத்து, உள்ளங்கை அகலப் பெட்டியில் செருகி, உலகத்துச் சத்தம் அத்தனையையும் பொத்தானில் வைத்திருக்கிறான்.

“இதுல உன் சத்தம் எதுடா?”

“இன்னும் தேடிக்கிட்டிருக்கேன் தாத்தா.”

மரத்தைப் பற்றியும் அவன்தான் சொன்னான். பிரேசில் ஈட்டி மரத்துக்குத் தட்டுப்பாடு வந்து, அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-இல் இந்திய ஈட்டி மரத்துக்கு மாறியதாம். ஆக, நம் மலையில் விளைகிற மரம் கப்பலேறிப் பென்சில்வேனியாவுக்குப் போய் உயர்ந்த கிட்டாராகிக்கொண்டிருந்த காலத்தில்தான், மலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஒட்டுப்பலகைக் கிட்டாரை வைத்துக்கொண்டு அமெரிக்கச் சத்தம் தேடியிருக்கிறோம்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நிறத்தையும் பெயரையும் விடுங்கள். கடைக்கே போய், கம்பி உயரத்தைப் பாருங்கள், கழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள், அரை மணி நேரம் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். விரலுக்கு ஒத்துவந்ததை வாங்குங்கள். சத்தம் வாசிக்க வாசிக்கத்தான் வரும்.