புக்மார்க் பூபதி

சிறுசேரியோ, பெருங்குடியோ, கோவை சரவணம்பட்டியோ, எந்த மென்பொருள் கம்பெனிக்குள் நுழைந்தாலும் இவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். நம் வசதிக்காக புக்மார்க் பூபதி என்று பெயர் வைத்துக்கொள்வோம். "அண்ணா, ப்ரோகிராமிங் ஒழுங்கா கத்துக்கணும். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று அவரிடம் கேட்டுவிட்டால் கையில் இருக்கும் டீ ஆறிவிடும். இரண்டாவது டீக்கு அவரே காசு கொடுப்பார். அப்படி ஒரு உற்சாகம்.

"ஹார்வர்டோட சிஎஸ்50 பாரு. ஓசி. டேவிட் மாலன்னு ஒரு ப்ரொஃபசர், மேடையில டெலிபோன் டைரக்டரியை நட்டநடுவுல கிழிச்சே பைனரி சர்ச் சொல்லிக்குடுப்பாரு. வெப் பக்கம் போறதா இருந்தா ஃப்ரீகோட்கேம்ப், 2014-ல இருந்து சல்லிக்காசு வாங்காம நடத்துறாங்க. இல்லையா, ஓடின் ப்ராஜெக்ட். நடுவுல சந்தேகம் வந்தா மொசில்லாவோட எம்டிஎன். கிட்டுக்கு 'ப்ரோ கிட்' புத்தகம் இருக்கு, அதுவும் ஃப்ரீ."

சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. நல்லது எது, குப்பை எது என்று பூபதிக்குத் துல்லியமாகத் தெரியும். படித்தாரா என்பதுதான் கேள்வி. டைரக்டரி கிழிக்கும் காட்சியை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். அதற்கு அடுத்த வாரம் வருகிற வீட்டுப்பாடம், மரியோ விளையாட்டில் வரும் பிரமிடை சி மொழியில் கட்டுவது. அந்தப் பிரமிடுக்கு இன்னும் அஸ்திவாரம் தோண்டவில்லை.

அவருடைய பிரவுசரைப் பார்த்தால் விஷயம் விளங்கும். தாவல்கள் பெருகிப் பெருகி ஒவ்வொன்றிலும் எழுத்து மறைந்து, வெறும் குட்டிப் படம் மட்டும் மிஞ்சி நிற்கும். புக்மார்க்கில் 'படிக்க' என்றொரு ஃபோல்டர். அதற்குள் 'அவசியம் படிக்க'. அதற்குள் 'இந்த வீக்கெண்ட்'. டவுன்லோடு ஃபோல்டரில் கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் எழுதிய சி புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு நான்கு பிரதிகள் கிடக்கின்றன. ஏற்கெனவே இறக்கியது நினைவில்லாமல் இறக்கியவை. புத்தகம் என்னவோ முந்நூறு பக்கத்தைத் தொடாது. திறந்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

தள்ளுபடி என்றால் பூபதிக்கு வருடம் முழுக்க ஆடி மாதம். 3,499 ரூபாய் பாடம் 499-க்கு, இன்னும் ஐந்தே மணி நேரம் என்று கடிகாரம் பின்னோக்கி ஓடுவதைப் பார்த்தால் கை நிற்காது. வாங்கி முடித்ததும் பாதி கற்றுவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு என்ன அவசரம், 'வாழ்நாள் அனுமதி' என்றுதானே போட்டிருக்கிறது?

அவரைத் தனியாக நிறுத்திச் சிரிப்பதும் நியாயமில்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இணையப் பாடங்களின் கணக்கை ரைஷ், ருய்பரேஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். பதிவு செய்தவர்களில் சராசரியாக 52 சதவீதம் பேர் பாடத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2017-18-இல் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம். ஆக, பூபதி உலகப் பெரும்பான்மையைச் சேர்ந்தவர். அதே கணக்கில், காசு கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களில் 46 சதவீதம் பேர் முடித்திருக்கிறார்கள். பூபதி காசும் கட்டுகிறார், முடிப்பதுமில்லை. அந்த வகையில் தனிப்பிறவிதான்.

ஒரே ஒரு பாடத்தை அவர் கடைசி வீடியோ வரைக்கும் பார்த்து, பயிற்சியெல்லாம் செய்து முடித்ததுண்டு. ஆங்குலர்ஜேஎஸ் என்ற வெப் ஃப்ரேம்வொர்க். முடித்தது 2016 ஆகஸ்டில். செப்டம்பரில் ஆங்குலர் 2 வெளியானது. பழையதின் மேல் பூச்சு வேலை செய்ததல்ல, அடியிலிருந்து புதிதாகக் கட்டியது. படித்ததில் பெரும்பகுதி ஒரே மாதத்தில் பழங்கதை ஆனது. அன்று பட்ட அடி அது. இதற்கிடையே ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்க, எதை எடுத்தாலும் அடுத்தது வந்து காலை வாரிவிடுமோ என்ற பயம் அவரை விட்டுப் போகவில்லை. சோம்பேறி என்று அவரைச் சொல்பவர்களுக்கு இந்த வரலாறு தெரியாது. சேகரித்து வைத்தால் எதுவும் கைவிட்டுப் போகாது என்பது அவர் நம்பிக்கை.

சனிக்கிழமை காலையில் பூபதி உண்மையாகவே உட்கார்வார். ரஸ்ட் மொழியின் முதல் வீடியோவை வைப்பார். ஆசிரியர் திரையில் இருக்கும் எழுத்துரு அழகாகத் தெரியும். அது என்ன என்று தேடினால் ஜெட்பிரெயின்ஸ் மோனோ. நிறுவுவார். அந்த எழுத்துக்கு டிராகுலா நிறம் எடுக்குமா, க்ரூவ்பாக்ஸ் எடுக்குமா? இரண்டையும் போட்டுப் பார்ப்பார். விஎஸ் கோடில் ஐந்து எக்ஸ்டென்ஷன் ஏற்றியபின், "நிஜமான டெவலப்பர் நியோவிம்தான் யூஸ் பண்ணுவான்" என்று எவனோ சொன்னது ஞாபகம் வரும். நியோவிம் உள்ளமைவு பற்றி இரண்டு மணி நேர வீடியோ. பிரியாணி. தூக்கம். ரஸ்டில் ஒரு வரி இன்னும் விழவில்லை. ஆனால் விழப்போகும் இடம் மணவறை மாதிரி ஜோடித்திருக்கும்.

நியோவிம்முக்கு மூலமான விம் எடிட்டரோடு 'விம்டியூட்டர்' என்றொரு பயிற்சி சேர்ந்தே வருகிறது. டெர்மினலில் அந்த ஒரு சொல்லைத் தட்டினால் போதும், அரை மணி நேரத்தில் அடிப்படை வந்துவிடும். பூபதி தட்டியதில்லை. விம்மை விட்டு வெளியே வருவது எப்படி என்ற கேள்வியை ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2017-க்குள்ளேயே பத்து லட்சம் தடவை பார்த்திருக்கிறார்கள். அதில் பூபதியின் பங்கு கணிசம்.

இதையெல்லாம் யாராவது குத்திக்காட்டினால் அவரிடம் பலமான சாட்சி ஒருவர் உண்டு: டொனால்ட் க்னூத். கணிநிரல் கலை பற்றிய தன் பெருநூலின் அச்சுக்கோப்பு பிடிக்காமல், எழுத்தை நிறுத்திவிட்டு, அச்சுக்கோக்கும் மென்பொருளையே எழுதப் போனவர். ஒரு வருடத்தில் முடியும் என்று நினைத்த வேலை பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. டெக் (TeX) என்ற அந்த மென்பொருள் பிறந்தது அப்படித்தான். "க்னூத்தே டூலுக்காகப் பத்து வருஷம் செலவு பண்ணாரு ப்ரோ!" உண்மைதான். அதற்கு முன்பே அவர் மூன்று தொகுதிகளை எழுதி வெளியிட்டிருந்தார் என்பதைப் பூபதி சொல்வதில்லை.

சிறுசேரிக்குப் போகும் அவருடைய கம்பெனி பஸ்ஸில் இன்னொரு கூத்து. கம்பெனி இருக்கும் சிப்காட் வளாகத்தில்தான் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. அங்கே பேராசிரியராக இருக்கும் மாதவன் முகுந்த், பைத்தானும் அல்காரிதமும் சேர்த்து என்பிடெல் இணையக் கல்வித் தளத்தில் எட்டு வாரப் பாடம் எடுத்திருக்கிறார். அலட்டல் இல்லாத, தெளிவான பாடம். சேர்வது இலவசம், நேரில் எழுதும் தேர்வுக்குத்தான் கட்டணம். பூபதி தவறாமல் சேர்கிறார். முதல் வார வீட்டுப்பாடத்தின் கடைசித் தேதி தவறாமல் கடந்து போகிறது. பஸ் அந்த வளாகத்துக்குள் திரும்பும்போது அவர் காதில் ஹெட்போன். பார்த்துக்கொண்டிருப்பது 'அல்காரிதம் கற்கச் சிறந்த பத்து இடங்கள்'.

ஆனால் ஊருக்கு உபகாரி. விருதுநகரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பெண்ணுக்கு ஆங்கில வீடியோக்கள் ஓடுகிற வேகத்தில் பிடிபடவில்லை. பூபதி யோசிக்காமல் கணியம் இணையதளம் வெளியிட்ட து. நித்யாவின் 'எளிய தமிழில்' நூல் வரிசையை அனுப்பினார். அந்தப் பெண் மற்றவர்களைப் போலச் சேமித்து வைக்கவில்லை. இரவு உட்கார்ந்து படித்தது, ஒவ்வொரு உதாரணத்தையும் தட்டிப் பார்த்தது. கணியத்தைப் பூபதி இன்னும் திறந்ததில்லை என்பது அதற்குத் தெரியாது.

போன வாரம் பூபதியின் பைத்தான் நிரல் ஒன்று பாதியில் படுத்துவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு வரிகள். அவர் பிழைதிருத்தும் கருவிகளை ஒப்பிட்டு நாலு தாவல் திறந்து, ஐந்தாவதில் இருந்தார். அந்தப் பெண் பக்கத்தில் வந்து, சிவப்பின் கடைசி வரியில் விரல் வைத்தது.

"அண்ணா, 'கஸ்டமர் நேம்'ல ஒரு எழுத்து விட்டுட்டீங்க. 'டிட் யூ மீன்'னு அதுவே சரியான பேரைப் போட்டிருக்கு பாருங்க."

2021-இல் வந்த பைத்தான் 3.10-இலிருந்து இந்த வசதி இருக்கிறது. பூபதி எழுத்தைச் சேர்த்தார். நிரல் ஓடியது. அசந்துபோய் அந்தப் பெண்ணைப் பாராட்டினார், எதிர் சீட்டுக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். பெண் தன் இடத்துக்குப் போனதும், பிழைச்செய்தியை வாசிப்பது எப்படி என்று ஒரு பாடம் கிடைக்குமா என்று தேடினார். இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஒன்று இருந்தது. இரவு பன்னிரண்டு மணிக்குள் வாங்கினால் எண்பது சதவீதம் தள்ளுபடி.